தங்கராசா சொன்ன கொரியாக் கதை

டீவியில் நாலு ஆம்பிளைகள் கோட்டும் சூட்டுமாய் லிப்டுக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியே கழன்று விழுந்தது. தங்கராசா அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொம்பிள கரையில நிண்டு அழுகிறா. அவட மனுசன் இன்னும் வரல்ல" என்று மொழிபெயர்த்தான்.

அன்னப்பூரணி லிப்டைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். லிப்டுக்குள் பொம்பிளையும் இல்லை, கரையும் இல்லை.

"அப்ப இவனுகள் என்னத்துக்குடா சிரிக்கிறானுகள்?"

தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வி காதில் விழாதவன் போலிருந்தான்.

அன்னப்பூரணி தானாகவே சமாதானமானாள். நம்முடைய படங்களில் கட்டிப்பிடிக்கிற நேரத்தில் இரண்டு பூவைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் பூந்தோட்டத்துக் கதை என்று நினைப்பதில்லை. கொரியாக்காரன் அழுகைக்கு லிப்டைக் காட்டுகிறான் போல. பணக்கார நாடு, வைத்திருப்பதைத்தானே காட்டுவான்.

சுனாமியில் கடல் வந்த அடுத்த வருசம் கொரியாவுக்குப் போன தங்கராசா, அங்கே பிளாஸ்டிக் வாளிக்கு மூடி செய்கிற பெக்டரியில் நின்று, நாட்டில் சண்டை முடிந்த பிறகுதான் ஊருக்கு வந்தான். வரும்போது தட்டை டீவி ஒன்றும், டிவிடி பிளேயர் ஒன்றும், ஒரு பெட்டி நிறையக் குற்றக்கதைத் தொடரும் கொண்டுவந்தான். தேற்றாத்தீவில் கொரியா பாஷை தெரிந்த ஒரே மனிதன் அவன். ஆகவே அவன் சொன்னதுதான் கொரியா.

அக்காள் பெயரில் வீடு இருப்பதும், அந்த வீட்டுக்குத் தம்பி உழைத்துப் போடுவதும் இந்தப் பக்கத்தில் நடைமுறை. சுனாமி வீடு என்று வெளிநாட்டுக்காரர் கட்டிக்கொடுத்த சீற்றுக் கூரை வீட்டுக்குத் தங்கராசா குசினி இறக்கினான், மாபிள் பதித்தான், கேற் போட்டான். தம்பி என்றால் தங்கராசா மாதிரி இருக்கவேண்டும் என்று கோயிலடியில் பேசிக்கொண்டார்கள். அன்னப்பூரணிக்கு அதைக் கேட்க நெஞ்சு நிறையும். புருசன் நல்லரெத்தினம் கடல் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் வாவிக்குத் தோணியோடு போனவன்தான். பிறகு கடல் வந்தது. ஆளும் இல்லை, தோணியும் இல்லை, உடம்பும் இல்லை. அந்த நேரம் யாருக்குத்தான் உடம்பு கிடைத்தது?

முதலில் பொழுதுபோக்குக்குத்தான் பார்க்கத் தொடங்கினாள். பிறகு பொழுது போகாமல் நின்றது. பின்னேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருந்தாள். மீன் ஆணம் அடிப்பிடித்தது, சோறு குழைந்தது, வெட்டிப்போட்ட விறகு கச்சான் காற்றில் காய்ந்து மறுபடியும் பனியில் நனைந்தது. அமிர்தகழியில் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஊரே வேன் பிடித்துப் போனபோது, தனக்குக் கால் உளைவு என்றாள். கால் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தத் தொடரில் துப்பறிகிறவன் முதன்முறையாக வாய் திறந்தான்.

"வெள்ளம் விடியத்தான் வந்த," என்று தங்கராசா அவனுக்காகச் சொன்னான். "அவன் பொழுதுபட முதல் திரும்பியிருக்கோணும். அப்ப இரவு முழுக்க எங்க இருந்தவன்? இதை அவண்ட பெண்சாதி ஒருத்தரிட்டயும் கேக்கல்ல."

என்ன கேள்வி அது. அன்னப்பூரணிக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தக் கொரியாக்காரிக்கு இவ்வளவு புத்தி இல்லையா என்று அன்றிரவு பாயில் கிடந்து திட்டினாள்.

கதை தன்னுடைய கதை மாதிரி இருக்கிறதே என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் தண்ணீர் வந்து ஆளைக் கொண்டுபோன கதை அந்தக் கரையில் யாருக்குச் சொந்தமில்லை? வேலிக்கு வேலி ஒன்று கிடந்தது. கொரியாவிலும் கடல் இருக்கிறது.

கதை பார்க்க இன்னொருத்தியும் வருவாள், அடுத்த வீட்டுச் சின்னத்தங்கம். அவளுடைய மகன் வினோஜன் ஆயுதக்காரருக்குப் பயந்து ஒளித்துத் திரிந்தவன். அவனை வயல் வட்டைக்குள் இருந்த காவல் குடிலில் வைத்து அவர்கள் பிடித்துக்கொண்டு போனதும் கடல் வருவதற்கு முதல்நாள்தான். அடுத்தநாள் கடல் வந்ததால் அதைப் பற்றிக் கேட்க ஊரில் யாருக்கும் நேரமிருக்கவில்லை. வந்துபோன விசாரணைக்காரர் எல்லாருக்கும் மகனுடைய படத்தைக் காட்டிக் களைத்த சின்னத்தங்கம், இப்போது டீவியில் வருகிற பொடியன்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இவண்ட மூக்கு எங்கட தம்பிட மூக்குத்தான்," என்பாள் சிலநேரம். கொரியா மூக்கும் தேற்றாத்தீவு மூக்கும் ஒன்றல்ல என்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்தச் சின்னத்தங்கம் ஒருநாள், கொரியாக்காரி நெஞ்சில் அடித்துக் கதறுகிறாள் என்று தங்கராசா சொன்ன இடத்தில், கடகடவென்று சிரித்தாள்.

அன்னப்பூரணி அவளைப் பார்த்தாள். மனுசிக்கு வயது போய்விட்டது என்று நினைத்தாள். பிள்ளையை இழந்தவளுக்கு அழுகைக்கும் சிரிப்புக்கும் எல்லை அழிந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவும், அறைக்குள் அந்த மணம் வந்தது.

புதிய மணம் இல்லை. வாவித் தண்ணீர் வற்றும்போது கரையோரக் கண்ணாக் காட்டு வேர்களுக்கிடையில் கிடந்து அழுகுகிற சேற்றின் மணம், காற்றுத் திரும்பினால் ஊர் முழுக்க வருவதுதான். ஆனால் அன்றைக்குக் காற்று கடல் பக்கத்திலிருந்து அடித்தது. சீற்றுகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரத்தன. யன்னல் திரை உள்ளே வந்து புடைத்து நின்றது. அப்படியிருந்தும் சேற்று மணம் காற்றை எதிர்த்து, தங்கராசாவின் கதிரைப் பக்கமிருந்து, அவன் ஒவ்வொரு வசனம் சொல்லும்போதும் மூச்சு மூச்சாக வந்தது.

கதை சொல்லும்போது அவன் குரல் மாறுவதையும் அவள் அப்போதுதான் கவனித்தாள். தங்கராசா கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். இந்தக் குரல் தாழ்வாக, நெஞ்சுக்குள் சளி கட்டியவனின் குரல் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் நின்று வடிந்து போவது போல இருந்தது. கண் இமைக்கவில்லை. கை இரண்டும் தொடையில், மல்லாக்க.

"ஆரு அவனைக் கொண்ட?" என்று அவள் கேட்டாள். கதைக்கு அடிமையாகிவிட்ட ஆள், பயத்துக்கு நடுவிலும் அதைத்தான் கேட்பாள். "அந்தக் கடக்காரனா?"

"இல்ல," என்றான். "இன்னும் கிட்ட."

"தோணிக்காரனா?"

"இன்னும் கிட்ட."

டீவியில் அந்நேரம் ஒரு பெட்டை நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த பின்னேரம் அவன் சொன்னான்: "போக முதல் பெண்சாதியோட சண்ட. இருந்த ஒரு நல்ல சட்டையையும் அவ தோய்ச்சுப் போட்டிட்டா. அவன் கொடியில இருந்து ஈரத்தோட எடுத்துப் போட்டான். ஈரத்தோட போய்த் துலை எண்டு அவ சொன்னா. அதுதான் அவ கடைசியாச் சொன்ன."

அன்னப்பூரணியின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை சாய்ந்து மடியில் ஊற்றியது. சுட்டது. சுட்டது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. கோயிலில்கூட. சாமிக்கும் ஒளித்த சொல் அது. மனுசன் போன பிறகு அவனை நினைத்து எத்தனையோ பேரிடம் அழுதிருக்கிறாள். அந்த ஒரு வசனத்தை மட்டும் விழுங்கிவிட்டுத்தான் அழுதாள். தங்கராசா அன்றைக்கு மட்டக்களப்பு டவுனில் நின்றவன். சண்டை நடந்தபோது வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

"நாளைக்குக் கடைசி டிவிடித் தட்டு," என்று சொல்லிவிட்டுத் தங்கராசா எழும்பிச் சோம்பல் முறித்தான். சத்தமான, வழக்கமான குரல். "அக்கா, சோறு இருக்கா?"

மறுநாள் காலை அவன் சீமெந்து எடுக்கப் போன பிறகு, அவள் கடைசித் தட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். காத்தான்குடியில் மின்ஹாஜின் டிவிடிக் கடை அவளுக்குத் தெரியும். தங்கராசா பிளேயர் திருத்தக் கொடுக்கிற இடம். கொழும்பில் படித்து அரைவாசியில் விட்டுவிட்டு வந்த பொடியன் மின்ஹாஜ், தட்டை மெசினில் போட்டு, எதையோ அமத்தி, படத்தின் அடியில் இங்கிலீசு எழுத்தை வரவைத்தான்.

"இது நல்ல கத அக்கா. நானும் பாத்த. ஒரு கூட்டம் சேந்து பேங்க் அடிக்கிறானுகள். அதுல ஒருத்தன் மத்தவனுகளக் காட்டிக் குடுக்கான்."

"வெள்ளம் எப்ப வரும்?"

"எந்த வெள்ளம்?"

"மனுசனைத் தேடுற பொம்பிள. கோட்டுப் போட்ட துப்பறியிறவன். வாவி."

மின்ஹாஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "இதுல வெள்ளமும் இல்ல, வாவியும் இல்ல. மொத்தக் கதையும் கட்டடத்துக்குள்ள. ஒங்கட தம்பி ஒங்களுக்கு நல்லாக் கத அவிச்சிரிக்கார்."

கடைக்கு வெளியே வந்து வெயிலில் நின்றாள். முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். பிறகு கோபம். எத்தனை பின்னேரம், எத்தனை சட்டி ஆணம், ஒரு மாமாங்கத் தீர்த்தம். இல்லாத ஒருத்திக்காக அழுத அழுகை. கூடப்பிறந்தவன், தான் தூக்கி வளர்த்தவன், பக்கத்தில் இருந்து ஏமாற்றியிருக்கிறான். பஸ் முழுக்க அவனுக்குச் சொல்லப்போகிற வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

ஆரையம்பதி கடந்ததும் அடுக்கு குலைந்தது. இட்டுக்கட்டினான் என்றே வைத்துக்கொள்வோம். ஈரச் சட்டையை எங்கிருந்து எடுத்தான்?

வீட்டுக்குப் போகாமல் நேரே சின்னத்தங்கத்தின் வளவுக்குப் போனாள். கிழவி கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத்தங்கமக்கா, தம்பி சொல்லுற கதை... அது என்ன கதை?"

"என்னகா அன்னம், பக்கத்திலதானே நீயும் இருந்த? பேங்கில களவெடுக்கிற கதை. அந்தக் கண்ணாடிக்காரன் லிப்டுக்க சிரிச்சுச் சிரிச்சே மாட்டுப்படுறானே. நேத்து அந்த நூடில்ஸ் தின்ன பெட்டை பூட்டுத் திறந்த."

"கரையில ஒருத்தி அழல்லயா?"

"ஆரு அழுத?" தவிட்டுக் கையோடு கிழவி நிமிர்ந்தாள். "நீதான் புள்ள ஒவ்வொரு நாளும் இருந்து அழுதாய். சிரிக்கிற கதைக்கு அழுகிறாளே எண்டு நானும் ஒண்டும் கேக்கல்ல. புருசன் இல்லாதவள், என்னத்தையோ நினைக்கிறாள் எண்டு விட்டன்."

கோழிகள் தவிட்டைக் கொத்தின. 

தம்பி இரண்டு பேருக்கும் பேங்க் கதைதான் சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கேட்டது வேறு. அவன் வாயால்தான் கேட்டது. அவன் சொல்லவில்லை.

போய் ஒதுங்க அவளுடைய அண்ணன் வீடு களுவாஞ்சிகுடியில் இருந்தது. பஸ் இருந்தது. கையில் காசும் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் கடைசித் தட்டு இன்னும் மிச்சம். ஆறு வருசமாகக் கேட்காமல் விட்ட கேள்விக்கு எங்கோ ஒரு பதில் தயாராகி, இன்றைக்குப் பின்னேரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கும்போது, முடிவு தெரியாமல் பஸ் ஏற அவளால் முடியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். விளக்கு வைத்தாள்.

தங்கராசா குளித்து, பவுடர் போட்டு, பெனியனோடு வந்து தட்டைப் போட்டான். நீலத் திரை வந்தது. எழுத்து ஓடத் தொடங்கியது. ஒரு தரம் மினுங்கி எல்லாம் அணைந்தது. கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. சாமி விளக்கின் வெளிச்சம் மட்டும் தம்பியின் ஒரு பக்கக் கன்னத்தில் பட்டது.

"சீ," என்றான். "கடைசி நாளில பாருங்களன்."

"தம்பி."

"ம்."

"நேத்து என்ன கதை சொன்ன நீ?"

"பூட்டு உடைச்ச கதை. ஏன்?"

"எனக்கு ஈரச் சட்டைக் கதை கேட்ட."

அவன் கையிலிருந்த ரிமோட்டை மெல்லக் கீழே வைத்தான். சீற்றுகள் அந்நேரம் பார்த்து உரசாமல் கிடந்தன.

"உண்ட மச்சான் கடைசியாப் போட்டுக்கொண்டு போன சட்ட. ஈரத்தோட," என்றாள். "நீ அண்டைக்கு அவரைக் கண்ட நீயா?"

"நான் டவுனில எண்டு தெரியுந்தானே." குரல் கொஞ்சம் உடைந்தது. "அந்த நீலச் சட்ட ஈரமெண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

அவள் நீலம் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் போட்டது எந்தச் சட்டை என்று அவள் யாருக்கும் சொன்னதே இல்லை.

இத்தனை நாள் குற்றக்கதை கேட்டவள். அதனால் பிடித்துவிட்டாள். பிடித்த கணத்தில் ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது, கதையில் கள்ளனைக் கண்டுபிடித்தவளின் சந்தோசம். அது முழுதாக வருவதற்கு முதலே அதன் அடியில் நிலம் இல்லாமல் போயிற்று. குசினி. மாபிள். கேற். கோயிலடிப் பேச்சு. காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குக் கஞ்சி பருக்கிய கை.

அந்தக் கை.

தங்கராசாவுக்கும் விளங்கிவிட்டது. எழும்பினான். குசினிப் பக்கம் போய்ப் பின்கதவின் கொண்டியைப் போட்டான். நிதானமாக. திரும்பி வந்தான். விளக்கைத் தாண்டி முன்கதவை நோக்கிப் போனான்.

"அக்கா," என்றான் நடந்துகொண்டே. "நான் உங்களுக்கு என்ன குறை வச்ச?"

அவள் எழும்பக் கையை ஊன்றினாள்.   

கதவில் அவன் கை படுவதற்கு முதல் சின்னத்தங்கம் உள்ளே வந்துவிட்டாள். "கரண்டும் போயிற்றா," என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய வழக்கமான கதிரையைத் தடவிக் கண்டுபிடித்து இருந்தாள். "படம் இல்லாட்டிப் போகட்டும். நீ கதையைச் சொல்லு மனே. கேப்பம்."

"இல்ல மாமி, இண்டைக்கு..." என்று தொடங்கினான் தங்கராசா.

வசனம் முடியவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

சேற்று மணம்.

"வட்டைக்க இருந்த குடில டோர்ச் அடிச்சுக் காட்டினவனை," என்றது வாய். "நான் வாவிக்கரையில நிண்டு கண்ட நான்."

இந்த முறை அது அவனுக்கும் கேட்டது. விளக்கு வெளிச்சத்தில் அவன் கண் இரண்டும் விரிந்ததை அன்னப்பூரணி கண்டாள். வாயை மூடப் பார்த்தான். தாடை மூடியது. பல் கிட்டியது. குரல் நிற்கவில்லை.

"சின்ன வயசில இருந்து ஒண்டாத் திரிஞ்சவன். வினோஜன் ஒளிச்சிருந்த இடம் இவனுக்கு மட்டுந்தான் தெரியும். ஏண்டா செய்த நீ எண்டு கேட்ட நான். காலில விழுந்தான். விடிய நான் போய்த் தாய்க்குச் சொல்லத்தான் போறன் எண்டன். தோணியைத் தள்ளக் குனிஞ்சன்."

தங்கராசா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பொத்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, விரல்களை இறுக்கினான். நகம் கன்னத்தில் ஏறியது. மூக்கால் மூச்சு இரைந்தது. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினான். பொத்திய கைகளுக்குள்ளிருந்து குரல் கொஞ்சமும் அமுங்காமல், அவசரமில்லாமல், பின்னேரங்களில் வந்த அதே குரலாக வந்துகொண்டிருந்தது.

"கம்பால ஒரு அடி. கண்ணாவுக்க இழுத்துப் போட்டான். உயிர் இருந்த. இரவு முழுக்க இருந்த. அன்னம், நீ தேடிவருவாய் எண்டு பாத்துக் கிடந்த நான்."

அவனுடைய விரல் இடுக்குகளால் தண்ணீர் கசியத் தொடங்கியது. முதலில் துளியாக. பிறகு மணிக்கட்டு வழியாக, முழங்கை வழியாக, வெள்ளைப் பெனியனைக் கறுப்பாக்கிக்கொண்டு, மாபிளில் சொட்டி, அன்னப்பூரணியின் பாதம் வரைக்கும் வந்தது. குளிர். உப்புத் தண்ணீர். அவள் பாதத்தை எடுக்கவில்லை.

"விடிய வந்து சொல்லுவம் எண்டுதான் இருந்த நான், சின்னத்தங்கமக்கா. உங்கட மகனை எங்க கொண்டு போனவங்க, என்ன செய்தவங்க எண்டு சொல்லுறன். கேளுங்க."

அன்னப்பூரணி இருட்டுக்குள் திரும்பினாள். கிழவியின் முகம் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. பிளாஸ்டிக் கால்கள் ஈர மாபிளில் கிறீச்சிட, சின்னத்தங்கம் தன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தாள்.